ஆலோசனை ஓர் அமானிதம்

 

 

சென்ற மாதம் ஒரு நாள் இஷாத் தொழுகை முடிந்து வெளியே வருகையில், நம் சங்கத்து அங்கத்தினர் ஒருவர் நம் கையைப் பிடித்துப் பள்ளிவாசல் தாழ்வாரத்து ஓரமாக அழைத்துச் சென்றார். பினாங்கில் முப்பது வருடங்களுக்கு மேலாக மளிகை வியாபாரம் செய்பவர். பெயர் வேண்டாம். அவருக்குப் போன வருடம் இருதய ஆப்பரேஷன் நடந்து, அல்லாஹ்வின் கிருபையால் சுகமாகி, இப்போது பழையபடி பெட்டியடியில் உட்கார்ந்திருக்கிறார். ஆனால் அன்று அவர் முகத்தில் சுகம் இல்லை.

அவர் சொன்ன விஷயம் இது. மூன்று இரத்தக் குழாய்கள் அடைத்திருக்கின்றன, பைபாஸ் செய்தாக வேண்டும் என்று வைத்தியர் கூறிய அன்றிரவு, அவர் தம் காக்காவின் மகளுக்கு டெலிபோன் செய்தார். அந்தப் பெண் ஆப்பரேஷன் அறையில் தாதியாகப் பல வருடங்கள் வேலை பார்த்தவள். சர்ஜனின் பெயரைக் கேட்டவுடன் அவள் சிறிது நேரம் மௌனமாக இருந்தாளாம்.

"சாச்சா, அவரிடம் வேண்டாம். நான் சொல்லும் ஆளிடம் போங்கள். காரணம் மட்டும் கேட்காதீர்கள். நான் சொன்னதாக வெளியே மூச்சு விடாதீர்கள்."

"சரி மகளே" என்று இவர் வாக்குக் கொடுத்தார். அவள் சொன்னவரிடம் போனார். பிழைத்தார்.

இப்போது பக்கத்துக் கடைக்காரருக்கு அதே மாதிரி வந்திருக்கிறது. துணிக் கடை வைத்திருப்பவர். இருபது நோன்புகளாக ஒரே சட்டிக் கஞ்சியில் இருவரும் நோன்பு திறந்தவர்கள். அவர் குடும்பத்தில் தாதியும் இல்லை, டாக்டரும் இல்லை. அவர் வந்து, "காக்கா, அடுத்த மாதம் எனக்கு ஆப்பரேஷன்; துஆச் செய்யுங்கள்" என்று சொல்லி, சர்ஜனின் பெயரையும் சொன்னார். அதே பெயர்.

"நான் கணக்குப் புத்தகத்தைப் புரட்டுவது போல் தலையைக் குனிந்து கொண்டேன். அவரும் போய்விட்டார். ஒரு வாரமாக எனக்குத் தூக்கம் இல்லை. சொன்னால் ஒரு மனிதரைப் புறம் பேசிய பாவம். பிள்ளைக்குக் கொடுத்த வாக்கும் முறிகிறது. சொல்லாவிட்டால், அவருக்கு ஒன்று ஆகிவிட்டால், அவர் மக்கள் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்? இதற்கு மார்க்கத்தில் என்ன வழி?" என்று கேட்டார்.

சகோதரர்களே! இந்தக் கேள்வி அவருக்கு மட்டும் உரியதன்று. நம் பிள்ளைகள் இன்று டாக்டர்களாகவும், தாதிகளாகவும், மருந்துக் கடைக்காரர்களாகவும், பரிசோதனைச் சாலை ஊழியர்களாகவும் ஆகியிருக்கிறார்கள். அல்ஹம்துலில்லாஹ்! அதன் பயனாக, நம்மில் பல வீடுகளில் இரவு பத்து மணிக்கு மேல் இந்த டெலிபோன் பேச்சு நடந்து கொண்டுதான் இருக்கிறது. ஆகவே இந்த மஸ்அலாவை நாம் எல்லோரும் சேர்ந்து சிந்திப்பது நல்லது.

முதலாவதாக, நல்ல வைத்தியரைத் தேடுவது தவக்குலுக்கு விரோதமோ என்று எண்ணுகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். விரோதமன்று. வைத்தியம் செய்து கொள்ளலாமா என்று நாட்டுப்புற அரபிகள் வந்து கேட்டபோது, செய்து கொள்ளும்படி பெருமானார் (ஸல்) அவர்கள் கூறியது அபூதாவூதிலும் திர்மிதீயிலும் வந்திருக்கிறது. அதற்கு மேலும் ஒன்று உண்டு. இமாம் மாலிக் அவர்கள் தமது முவத்தாவில், ஸைது இப்னு அஸ்லம் அவர்கள் வாயிலாக ஒரு நிகழ்ச்சியைப் பதிவு செய்திருக்கிறார்கள். காயம் பட்டு இரத்தம் கட்டிக் கொண்ட ஒருவருக்காக பனூ அன்மார் கோத்திரத்தார் இருவர் வைத்தியம் பார்க்க வருகிறார்கள். அவர்களைப் பார்த்து நாயகம் (ஸல்) அவர்கள் முதலில் கேட்டது, உங்கள் இருவரில் வைத்தியத்தில் அதிகத் தேர்ச்சி உள்ளவர் யார் என்பதைத்தான்! எந்தத் தொழிலானாலும் அதில் மிக வல்லவரைத் தேடிப் போக வேண்டும் என்பதற்கு இதுவே ஆதாரம் என்று, ஹிஜ்ரி 751ல் மறைந்த இப்னுல் கய்யிம் அவர்கள் தமது ஸாதுல் மஆதில் எழுதியிருக்கிறார்கள்.

நாமோ என்ன செய்கிறோம்? ஒரு மூட்டை வற்றல் மிளகாய் வாங்க மூன்று கடை ஏறி இறங்குகிறோம். கையில் அள்ளுகிறோம், முகர்ந்து பார்க்கிறோம், காம்பைக் கிள்ளிப் பார்க்கிறோம். நம் நெஞ்சைத் திறக்கப் போகிற மனிதரைப் பற்றி ஒரு வார்த்தை விசாரிப்பதில்லை. ஆஸ்பத்திரி வாசலில் பளிங்குக் கல் பதித்திருக்கிறது, வரவேற்பறையில் பூந்தொட்டி இருக்கிறது, அவ்வளவில் திருப்தி அடைந்து விடுகிறோம். கூச்சந்தான் காரணம். டாக்டரிடம் கேள்வி கேட்டால் மரியாதைக் குறைவு என்று நினைக்கிறோம்.

அடுத்து, ஆலோசனை சொல்பவர் நிலை. ஆலோசனை கேட்கப்பட்டவர் அமானிதம் ஒப்படைக்கப்பட்டவர் என்பது நபிமொழி. அது எந்தச் சந்தர்ப்பத்தில் சொல்லப்பட்டது என்பதைப் பாருங்கள். அபுல் ஹைதம் (ரலி) என்னும் ஸஹாபி, தமக்கு உபகாரம் செய்தவர். அவருக்கு ஓர் ஊழியரைத் தருவதாக நாயகம் (ஸல்) அவர்கள் வாக்களித்திருந்தார்கள். இரண்டு பேர் வந்தபோது, இருவரில் ஒருவரைத் தேர்ந்தெடுத்துக் கொள்ளும்படி அவரிடம் கூறினார்கள். அவரோ, தாங்களே தேர்ந்து கொடுங்கள் என்று விட்டுவிட்டார். அப்போதுதான் ஆலோசனையின் பொறுப்பைப் பற்றி அவ்வாறு கூறிவிட்டு, ஒருவரைச் சுட்டிக்காட்டி, இவரைக் கொண்டு செல்லும், இவர் தொழுவதை நான் பார்த்தேன் என்ற கருத்தில் அருளினார்கள். திர்மிதீயில் இருக்கிறது. கவனியுங்கள். கேள்விப்பட்டதைச் சொல்லவில்லை. தம் கண்ணால் பார்த்ததைச் சொன்னார்கள்.

சரி, ஒருவரிடம் போகாதே என்று சொல்வது புறம் அல்லவா? புறம் பேசுவது எவ்வளவு அருவருப்பான குற்றம் என்பதை அல்ஹுஜுராத் அத்தியாயத்தில் திருமறை எடுத்துக் காட்டியிருப்பதை நாம் அறிவோம். ஆனால் அதே மார்க்கத்தில் ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) அவர்களின் வரலாறும் இருக்கிறது. இத்தாக் காலம் முடிந்த அந்த அம்மையாரை மணந்து கொள்ள முஆவியா (ரலி) அவர்களும் அபூஜஹ்ம் (ரலி) அவர்களும் பெண் கேட்டு அனுப்பினார்கள். அம்மையார் நாயகத்திடம் வந்து யோசனை கேட்டார்கள். இருவரும் ஸஹாபிகள், நல்லவர்கள். என்றாலும் பெருமானார் (ஸல்) அவர்கள் மூடி மறைக்கவில்லை. அபூஜஹ்ம் தோளிலிருந்து கோலைக் கீழே வைக்காதவர் என்றும், முஆவியா கையில் பொருள் இல்லாதவர் என்றும் தெரிவித்து, உஸாமா (ரலி) அவர்களை மணந்து கொள்ளும்படி கூறினார்கள். அம்மையாரும் அவ்வாறே செய்து நல்வாழ்வு பெற்றார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் வந்துள்ளது.

இதிலிருந்து எத்தனை பாடங்கள்! கேட்கப்பட்ட பிறகு சொன்னார்கள். கேட்டவரிடம் மட்டும் சொன்னார்கள். கல்யாணத்துக்குச் சம்பந்தப்பட்ட குறையை மட்டும் சொன்னார்கள். அந்த இருவரின் வேறு எந்த விஷயத்தையும் கிளறவில்லை. வேண்டாம் என்று சொன்னதோடு நிற்காமல், வேறு யார் என்றும் வழி காட்டினார்கள். இமாம் நவவீ அவர்கள் ரியாளுஸ் ஸாலிஹீனில், ஒருவரது குறையை அவர் இல்லாத இடத்தில் சொல்ல அனுமதியுள்ள ஆறு சந்தர்ப்பங்களை எடுத்துரைக்கையில், தீங்கிலிருந்து முஸ்லிம்களை எச்சரிப்பதையும் அதில் சேர்த்து, இந்த ஹதீஸையே ஆதாரமாகக் காட்டியிருக்கிறார்கள்.

ஆகவே அந்தத் தாதிப் பெண் தன் சாச்சாவுக்குச் சொன்னது பாவமன்று. சாச்சா கேட்டார். அவள் பதில் சொன்னாள். உண்மை தெரிந்திருந்தும் வேறு விதமாகச் சொல்லியிருந்தால், அல்லது "எல்லோரும் நல்லவர்கள்தான்" என்று மழுப்பியிருந்தால், அதுதான் மோசடி.

இனி, ஆப்பரேஷன் அறையில் நிற்பவர்களின் கண்ணுக்கு அவ்வளவு மதிப்பு உண்டா என்று சிலர் கேட்கலாம். உண்டு. அமெரிக்காவில் மிச்சிகன் மாகாணத்தில் ஓர் ஆராய்ச்சி செய்து 2013ல் வெளியிட்டார்கள். உடற்பருமனைக் குறைப்பதற்காக இரைப்பையில் ஆப்பரேஷன் செய்யும் 20 சர்ஜன்கள் ஆளுக்கொரு வீடியோப் படம் கொடுத்தார்கள். செய்தவர் யார் என்று தெரியாமல், அதே தொழிலில் உள்ள மற்ற சர்ஜன்கள் அந்தப் படங்களைப் பார்த்துக் கைத்திறனுக்கு மார்க்குப் போட்டார்கள். பிறகு அந்தச் சர்ஜன்களின் நோயாளிகளுக்கு நேர்ந்த கோளாறுகளைக் கணக்கெடுத்துப் பார்த்தால், கடைசி வரிசையில் மார்க்கு வாங்கியவர்களின் நோயாளிகளில் நூற்றுக்கு 14.5 பேருக்குச் சிக்கல் வந்திருக்கிறது. முதல் வரிசையில் உள்ளவர்களுடைய நோயாளிகளில் நூற்றுக்கு 5.2 பேருக்கே வந்திருக்கிறது. தொழில் தெரிந்தவன் கண் தராசு போன்றது. ஏலக்காயைக் கையில் உருட்டியே தரம் சொல்லும் பெரியவர்களை நாம் பார்த்ததில்லையா?

ஆனால் தராசிலும் பாஷாணம் உண்டு என்பதை வியாபாரிகளுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. பார்த்தவர் வேறு, கேட்டவர் வேறு. வார்டில் வேலை பார்ப்பவருக்கு ஆப்பரேஷன் அறைக்குள் நடப்பது தெரியாது. கோபக்காரச் சர்ஜனிடம் திட்டு வாங்கிய தாதி அவரை மோசமானவர் என்பாள். இனிமையாகப் பேசுபவரைக் கெட்டிக்காரர் என்பாள். இவை நாவைப் பற்றிய தகவல்களேயன்றிக் கையைப் பற்றியவை அல்ல. இன்னொன்று: மற்றவர்கள் கைவிட்ட கஷ்டமான நோயாளிகளை ஏற்றுக் கொள்ளும் சர்ஜனிடம் இறப்பும் சற்றுக் கூடுதலாகத்தான் தெரியும். அதை வைத்து அவரைத் தூற்றுவது பெரும் அநியாயம். நியூயார்க் மாகாணத்தில் இருதய ஆப்பரேஷன் முடிவுகளை 1990களிலிருந்து பொது மக்கள் பார்வைக்கு வெளியிடும்போது கூட, நோயாளியின் வயதையும் நோயின் கடுமையையும் கணக்கில் சேர்த்தே அட்டவணை போடுகிறார்கள். டெலிபோனில் ஒரு நிமிஷத்தில் தீர்ப்புச் சொல்லும் நம் உறவினருக்கு அந்தக் கணக்கு ஏது?

இப்போது நாம் சொல்ல வந்த முக்கிய விஷயத்துக்கு வருகிறோம்.

சகோதரர்களே, மனத்தைத் தொட்டுச் சொல்லுங்கள். சொந்தக்காரர் ஒருவர் நம் கடைக்கு அரிசி வாங்க வருகிறார். முன்னால் அடுக்கியிருக்கும் மூட்டையில் அவர் கை வைக்கிறார். "மச்சான், அதை விடுங்கள்" என்று சொல்லிவிட்டு, பையனை உள்ளே அனுப்பிப் பின்கட்டிலிருந்து வேறு மூட்டையைக் கொண்டு வரச் சொல்கிறோமா இல்லையா? சொந்தக்காரருக்கு நல்லது செய்தோம் என்று நமக்கு ஒரு திருப்தி. ஆனால் முன்னால் இருந்த மூட்டை எங்கே போகிறது? அடுத்து வருகிற ஊர் பேர் தெரியாத மனிதன் தலையில்!

கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் தம் திருக்கரத்தை விட்டுப் பார்த்து, உள்ளே ஈரம் இருக்கக் கண்டு, அந்த ஈரத்தை எல்லோரும் பார்க்கும்படி மேலே வைக்க வேண்டாமா என்று நாயகம் (ஸல்) அவர்கள் வியாபாரியைக் கண்டித்தார்கள். நன்றாக யோசியுங்கள். உன் உறவினருக்குச் சொல்லிவிட்டாயா என்று கேட்கவில்லை. எல்லோரும் பார்க்க வேண்டும் என்றார்கள். ஜரீர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) அவர்கள், தொழுகை, ஜகாத் ஆகியவற்றோடு ஒவ்வொரு முஸ்லிமுக்கும் நலம் நாடுவதாகவும் நாயகத்திடம் பைஅத் செய்தவர்கள். அவர்களுக்காக ஊழியர் 300 திர்ஹத்துக்குக் குதிரை ஒன்றை விலை பேசி வந்தபோது, குதிரை அதைவிடப் பெறுமானமுள்ளது என்று விற்பவரிடம் தாமே எடுத்துச் சொல்லி, படிப்படியாக உயர்த்தி 800 கொடுத்து வாங்கினார்கள் என்று தப்ரானீயில் வருகிறது. விற்றவர் அவருக்கு மாமனா, மச்சானா? தெருவில் வந்த ஒரு மனிதர். நீதி என்று வரும்போது தாய் தந்தையர், உறவினர் என்று பார்க்காதீர்கள் என்பது அன்னிஸா அத்தியாயத்தின் கட்டளை. உறவினருக்கு எதிராக வந்தாலும் நீதி என்றால், உறவினருக்கு மட்டும் உரியதாக நீதியைப் பதுக்கி வைக்கலாமா?

அரிசியில் இருக்கும் இந்தக் குற்றம், அறுக்கும் கத்தியில் இருந்தால் எத்தனை பெரிது! தாதி வீட்டுக்காரன் தப்பித்துக் கொள்கிறான். டாக்டரின் சகலன் தப்பித்துக் கொள்கிறான். நம் சாப்பாட்டுக் கடையில் தட்டுக் கழுவும் பையன், பக்கத்துத் தெரு விதவைத் தாய், இவர்களுக்கு டெலிபோன் செய்ய யார் இருக்கிறார்கள்?

இது வெறும் கற்பனைப் பேச்சன்று. இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்து ஆஸ்பத்திரியில் குழந்தைகளுக்கு இருதய ஆப்பரேஷன் செய்து வந்தார்கள். 1988ல் அங்கே பணிக்குச் சேர்ந்த மயக்க மருந்து வைத்தியர் ஸ்டீபன் போல்சின் என்பவர், குழந்தைகள் அளவுக்கு மீறி இறப்பதைக் கண்டார். மேலிடத்துக்கு எழுதினார். கணக்கு எடுத்துக் காட்டினார். உள்ளே பலருக்கும் கவலை இருந்தது, கசமுசப்பு இருந்தது. பெற்றவர்களுக்கு மட்டும் ஒன்றும் தெரியாது! 1995 ஜனவரியில் மேலும் ஒரு குழந்தை ஆப்பரேஷன் மேஜையில் மரணமடைந்த பிறகே அது வெளிச்சத்துக்கு வந்தது. இயன் கென்னடி என்பவர் தலைமையில் விசாரணை நடந்து 2001ல் அறிக்கை வெளியாயிற்று. 1991 முதல் 1995 வரையிலான காலத்தில் மட்டும், ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைகளில், சாதாரணமாக எதிர்பார்க்கக்கூடிய கணக்கைவிட 30 முதல் 35 குழந்தைகள் வரை அதிகமாக இறந்திருக்கிறார்கள் என்று அது கூறிற்று. போல்சினோ அதற்குள் ஆஸ்திரேலியாவுக்குக் குடி போய்விட்டார். சொன்னவர் ஊரை விட்டுப் போக வேண்டியிருந்தது என்பதையும் நாம் மறக்கலாகாது. அந்தப் பாரம் இலேசானதன்று.

ஆகையால் ஆஸ்பத்திரிகளில் பணியாற்றும் நம் மக்களுக்கு நாம் சொல்வது இதுதான். உங்கள் கண்ணால் கண்டது ஒரு மனிதரின் கோபமோ, ஒரு நாள் தவறோ அல்ல, தொடர்ந்து வரும் ஆபத்து என்று உங்களுக்கு உறுதியானால், அதை வீட்டு டெலிபோனில் மட்டும் சொல்லிவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். உங்கள் பிரிவுத் தலைவரிடம், ஆஸ்பத்திரி நிர்வாகத்திடம், அங்கும் கேளாவிட்டால் மருத்துவக் கவுன்சிலிடம், எழுத்தில் கொண்டு போங்கள். அது சாட்சியம். சாட்சியத்தை மறைப்பது பற்றி அல்பகரா அத்தியாயத்தில் என்ன சொல்லப்பட்டிருக்கிறது என்பதைப் பார்த்துக் கொள்ளுங்கள். நம் பெரியவர் அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவீ, கார்டோவாப் பக்கத்தில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ரண சிகிச்சையைப் பற்றி எழுதிய மேதை, தமது நூலின் தொடக்கத்திலேயே ஒரு சம்பவத்தைச் சொல்கிறார். அறிவில்லாத வைத்தியன் ஒருவன் ஒரு பெண்ணின் கழுத்துக் கட்டியை அறுக்கப் போய் இரத்தக் குழாயை வெட்டி, அவன் கையிலேயே அவள் மாண்டு போனாள். ஊருக்கே எச்சரிக்கையாக அதை நூலில் எழுதி வைத்தார்.

இனி, கேட்கிற நமக்கும் கடமைகள் உண்டு. இதில் நாம் மிகவும் மோசம் என்றே சொல்ல வேண்டும்.

பிள்ளையை அழைத்து, "உன் ஆஸ்பத்திரியில் போன வாரம் செத்துப் போனது யார்? என்ன கோளாறு?" என்று துருவுகிறோம். மற்ற நோயாளிகளின் இரகசியம் அவளிடம் ஒப்படைக்கப்பட்ட வேறோர் அமானிதம். ஓர் அமானிதத்தைக் காப்பாற்றுவதற்காக இன்னொன்றைத் திருடச் சொல்லலாமா? "உனக்கு ஒன்று என்றால் யாரிடம் போவாய், மகளே?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வி போதும். அவள் தயங்கினால் வற்புறுத்தாதீர்கள். அந்த வேலை அவள் பிழைப்பு. அவள் சொன்னதை டீக்கடை மேஜைக்குக் கொண்டு வராதீர்கள். இப்போது வாட்ஸ்அப் என்று ஒரு வசதி வந்திருக்கிறது. டாக்டரின் பெயரைப் போட்டு, "இவரிடம் போகாதீர்கள், எல்லோருக்கும் அனுப்புங்கள்" என்று யாரோ எழுதியதை, நாமும் யோசியாமல் நூறு பேருக்கு அனுப்புகிறோம். பார்த்தவர் யார்? தெரியாது. என்ன பார்த்தார்? தெரியாது. ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) அவர்களுக்குக் கிடைத்த ஆலோசனைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? இது சந்தேகமில்லாமல் புறம். பொய்யாக இருந்துவிட்டாலோ அவதூறு.

அப்படியானால் உறவில் தாதி இல்லாதவன் கதி? அதற்கும் வழி இருக்கிறது, சகோதரர்களே. வாய் இருக்கிறதே!

1979ல் அமெரிக்காவில் 1,498 ஆஸ்பத்திரிகளில் 12 வகை ஆப்பரேஷன்களை ஆராய்ந்து ஒரு கணக்கு வெளியிட்டார்கள். திறந்த இருதய ஆப்பரேஷன் போன்ற பெரிய காரியங்களை வருடத்தில் 200க்கு மேல் செய்யும் இடங்களில், குறைவாகச் செய்யும் இடங்களைவிட இறப்பு விகிதம் நூற்றுக்கு 25 முதல் 41 பங்கு வரை குறைவாக இருந்தது. பித்தப்பை ஆப்பரேஷனிலோ அந்த வித்தியாசம் தென்படவில்லை. ஆகவே குடலிறக்கத்துக்கும் பித்தப்பைக்கும் ஊரெல்லாம் அலைந்து கொண்டிருக்க வேண்டியதில்லை. நெஞ்சு, மூளை, கணையம் என்று வந்தால் அலையத்தான் வேண்டும். அங்கே எவரும் கேட்கக்கூடிய கேள்வி, "டாக்டர், இதே ஆப்பரேஷனை வருடத்துக்கு எத்தனை பேருக்குச் செய்கிறீர்கள்?" என்பதே. "உங்கள் கையில் இதன் பலன் எப்படி இருந்திருக்கிறது? கத்தி வைக்காமல் வேறு வழி உண்டா? உங்கள் தகப்பனாராக இருந்தால் இதையே செய்வீர்களா?" என்பவையும் கேட்கத் தகுந்தவையே. மரியாதையாகக் கேட்டால் நல்ல வைத்தியர் கோபிக்க மாட்டார். கோபித்தால் அதுவும் ஒரு தகவல்தான்.

மலேசியாவில் ஒருவர் இன்ன துறை நிபுணர் என்று சொல்லிக் கொள்ள, மருத்துவக் கவுன்சிலின் நிபுணர் பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும் என்னும் சட்டம் 2017 ஜூலை முதல் அமலில் இருக்கிறது. சிங்கப்பூரிலும் மருத்துவக் கவுன்சிலின் பதிவேட்டில் யாரும் பெயரைத் தேடிப் பார்க்கலாம். காசு வேண்டாம், சிபாரிசு வேண்டாம். வைத்தியம் கற்றதாக அறியப்படாமல் வைத்தியம் செய்பவன் நேர்கின்ற நஷ்டத்துக்குப் பொறுப்பாளி என்னும் நபிமொழி அபூதாவூதில் இருக்கிறது. அறியப்படுதல் என்பதற்கு இக்காலத்தில் இந்தப் பதிவேடுதான் முதற்படி. பதிவேட்டில் பெயர் இருப்பதால் மட்டும் கைத்திறன் வந்துவிடாது என்பது உண்மையே. என்றாலும் பெயரே இல்லாதவரிடம் கழுத்தைக் கொடுப்பானேன்? இரண்டாவது வைத்தியர் ஒருவரிடம் அபிப்பிராயம் கேட்பதையும் துரோகமாக எண்ண வேண்டாம். சரக்கு வாங்குமுன் இரண்டாம் விலை கேட்டால் முதல் வியாபாரிக்கு என்ன மானக்கேடு வந்துவிட்டது?

நம் மளிகை வியாபாரிக்கு நாம் சொன்ன யோசனை இதுவே: "காக்கா, பிள்ளை சொன்னதை நீங்கள் சுமந்து கொண்டு போகாதீர்கள். பார்த்தவள் அவள், நீங்களல்ல. அவளிடம் கேளுங்கள். பக்கத்துக் கடைக்காரர் அவளிடம் நேரே பேச அவள் சம்மதித்தால், கேட்டவருக்குப் பார்த்தவர் சொல்வதாகும். சம்மதிக்காவிட்டால், பெயரையே எடுக்காமல், கேட்க வேண்டிய கேள்விகளை மட்டும் அவருக்குச் சொல்லிக் கொடுங்கள். துணைக்குப் போங்கள்."

பெண் முதலில் தயங்கினாள். "சாச்சா, நான் அவர் அறையில் நின்று இரண்டு வருடங்கள் ஆகின்றன. அப்போது பார்த்ததைத்தான் சொன்னேன். இப்போது எப்படியோ, எனக்குத் தெரியாது. வெளி ஆளுக்கு அதைச் சத்தியமாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை" என்றாளாம். சாச்சாவுக்குச் சொல்லும்போது வராத தயக்கம் அந்நியருக்குச் சொல்லும்போது வந்தது! அந்தத் தயக்கத்தில் நியாயமும் இருக்கிறது. சாச்சாவுக்கும் அதே நிறுவைதான் நிறுத்திருக்க வேண்டும் என்று நாம் நினைத்தோம், அவளிடம் சொல்லவில்லை.

ஆகவே இருவரும் சேர்ந்தே சர்ஜனிடம் போனார்கள். துணிக் கடைக்காரர் கேள்விகளைக் கடை ரசீதின் பின்பக்கத்தில் எழுதி எடுத்துப் போனார். அவருக்கு இரத்தக் குழாய் அடைப்போடு வால்வும் பழுது. முதல் கேள்வியைப் படித்து முடித்ததும் சர்ஜன் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிறிது நேரம் பேசாமல் இருந்தாராம். "இரண்டையும் ஒன்றாகச் செய்வது என்னிடம் வருடத்தில் ஏழெட்டுதான். அதிகமாகச் செய்பவர் கோலாலம்பூரில் இருக்கிறார். உங்களுக்கு விருப்பமானால் கடிதம் தருகிறேன்" என்று சொல்லிக் கடிதமும் எழுதிக் கொடுத்தார்.

அன்றிரவு மளிகைக் கடைக்காரர் மறுபடியும் நம்மைத் தேடி வந்தார். "அந்த மனிதரை ஒரு வருடமாக நான் மனத்துக்குள் கொலைகாரர் என்று நினைத்துக் கொண்டிருந்தேனே! அதற்கு என்ன பரிகாரம்?" என்று கேட்டார். அவருக்காகத் துஆச் செய்யும்படி சொன்னோம்.

துணிக் கடைச் சகோதரருக்கு வருகிற செவ்வாய்க்கிழமை காலை கோலாலம்பூரில் ஆப்பரேஷன். அவருக்கும், அவரை அறுக்கும் கைகளுக்கும், பக்கத்தில் நிற்கும் தாதிகளுக்கும், கடிதம் எழுதிக் கொடுத்த வைத்தியருக்கும் அன்று சுபுஹுக்குப் பிறகு எல்லோரும் துஆச் செய்யும்படி கேட்டுக் கொள்கிறோம். அவர் கடையை அந்த வாரம் மளிகைக் கடைக்காரரே பார்த்துக் கொள்கிறார்.